வைரத்துக்கு அடுத்த இடம்

பத்திரிகை உலகில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. பிழை முதற்பக்கத்தில் நான்கு பத்தித் தலைப்புடன் வெளிவரும். அதற்கான திருத்தமோ மூன்று நாட்கள் கழித்து, உட்பக்கம் ஒன்றின் அடிமூலையில், மரண அறிவித்தலுக்கும் காணி விற்பனை விளம்பரத்துக்கும் நடுவே, எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் இடம்பெறும். "தவறுக்கு வருந்துகிறோம்" என்ற இரண்டு சொற்களோடு ஆசிரிய பீடம் தன் கடமையை முடித்துக்கொள்ளும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இத்தொழிலில் உழன்ற நானும் அத்தகைய திருத்தங்களைப் பல தடவை எழுதியிருக்கிறேன். இன்று எழுதுவதும் ஒரு திருத்தமே. ஆனால் இதற்கு அடிமூலை போதாது. பிழை என்னுடையது, அதன் விலையைக் கொடுத்தவன் என் அக்காவின் மகன்.

2018 ஆம் ஆண்டு. விளம்பரப் பிரிவில் பணியாற்றிய நண்பர் ஒருவர் ஆங்கிலத் துண்டுப்பிரசுரம் ஒன்றுடன் என் மேசைக்கு வந்தார். கார்களுக்கு செரமிக் பூச்சு இடும் நிலையம் ஒன்றினுடையது அது. வாகனச் சிறப்பு மலருக்காக அதனைத் தமிழாக்கித் தரவேண்டும்; கூலி ஐயாயிரம் ரூபா. உதவி ஆசிரியர் ஒருவரின் மாதக் கடைசியில் ஐயாயிரம் ரூபா என்பது சிறிய தொகையன்று. பிரசுரத்தில் "9எச் கடினம்" என்றிருந்தது. அது என்னவென்று கேட்டேன். "வைரம் பத்து, இது ஒன்பது, அவ்வளவுதான்" என்றார் நண்பர். கலைப்பட்டதாரியாகிய நான் அதற்கு மேல் விசாரிக்கவில்லை. ஓர் அமைச்சரின் வாயிலிருந்து புள்ளிவிபரம் வந்தால் மூன்று இடங்களில் சரிபார்க்கும் நான், விளம்பரத்தில் வந்த எண்ணை ஓரிடத்திலும் சரிபார்க்கவில்லை. "வைரத்துக்கு அடுத்த வலிமை! உங்கள் வாகனத்துக்கு ஒரு கண்ணாடிக் கவசம்!" என்று எழுதிக் கொடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டும் கிடைத்தது.

பின்பக்கத்தில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு முழுப்பக்க ஆங்கிலம் இருந்தது. அதனையும் மொழிபெயர்க்க வேண்டுமா என்று கேட்டதற்கு, "அது வேண்டாம், சட்ட விடயம்" என்றார்கள். நானும் விட்டுவிட்டேன்.

நிற்க. 2025 இல் என் மருமகன் ஒரு கார் வாங்கினான். யாழ்ப்பாணத்தில் வசித்து, கிளிநொச்சியில் தொழில் பார்ப்பவன். நாள்தோறும் ஆனையிறவைக் கடந்து போய் வருபவன். லீசிங்கில் எடுத்த பழைய ஜப்பானியச் சிறிய கார் அது. அதன் விலையைக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. காரணம் எல்லோரும் அறிந்ததே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்ட போதிலும், புதிய வரிகளோடுதான் திறக்கப்பட்டது. இந்த இடைவெளியில், ஓடி ஓடித் தேய்ந்த கார்கள் கூடத் தாம் புதிதாக இருந்தபோது விற்ற விலையைத் தாண்டி விற்றன. ஆண்டுக்கு ஆண்டு விலை குறையவேண்டிய ஒரு பொருள், இந்த நாட்டில் நகையைப் போலவும் காணியைப் போலவும் சேமிப்பாக மாறிவிட்டது.

பொருளின் விலை ஏறும்போது அதனை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தின் விலையும் ஏறுகிறது. அந்த அச்சத்தை வாங்கி விற்பதற்கென்றே ஒரு வியாபாரம் வளர்ந்திருக்கிறது. மருமகன் அங்கே போனான். செரமிக் பூச்சுக்கு 1,25,000 ரூபா. ஒட்டுப்படலம் என்றால் அதனைப் போலப் பல மடங்கு. கையில் இருந்த காசுக்கு முதலாவதைத் தெரிவு செய்தான்.

அந்தக் காசு எதற்காக வைத்திருந்த காசு என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். நான்கு ரயர்களும் மாற்றவேண்டியவை என்று கார் வாங்கும்போதே மெக்கானிக் சொல்லியிருக்கிறார். அதற்காக அக்கா கொடுத்த காசு அது. "ரயர் இன்னும் ஆறு மாதம் ஓடும், பூச்சுக்கான கழிவு இந்த மாதத்தோடு முடிகிறது" என்று கடையில் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றில், இயக்கச்சிக்கும் பளைக்கும் இடையில், முன்னால் சென்ற லொறி திடீரென வேகத்தைக் குறைக்க, இவன் பிரேக்கை மிதித்திருக்கிறான். தேய்ந்த ரயர் நீரின் மேல் வழுக்கியது. கார் வீதியை விட்டு இறங்கி, மதகு ஒன்றுக்கு இரண்டு முழம் இப்பால் நின்றது. உயிருக்குச் சேதமில்லை. பம்பர் உடைந்தது, ஒரு கதவு நசிந்தது.

மறுநாள் போய்ப் பார்த்தேன். நசிந்த கதவின் மேல் மழைத்துளிகள் முத்துமுத்தாக உருண்டுகொண்டிருந்தன. விளம்பரத்தில் காட்டுவார்களே, அதே காட்சி. "தம்பி, ரயரை விட்டிட்டு ஏன் உதைச் செய்தனி?" என்று கேட்டேன். "மாமா, அவை தந்த நோட்டீசில வைரத்துக்கு அடுத்த வலிமை எண்டு போட்டிருந்தது. தமிழிலயே போட்டிருந்தது மாமா" என்றான்.

பிரசுரத்தை வாங்கிப் பார்த்தேன். கடை வேறு, ஊர் வேறு, ஆண்டு வேறு. தமிழ் மட்டும் என்னுடையது. ஏழு ஆண்டுகளில் யார் யாரோ பிரதி செய்து, ஓர் எழுத்துப்பிழையும் சேர்த்து, கடைசியில் என் அக்காவின் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

இனி, 2018 இல் நான் செய்திருக்க வேண்டிய வேலையை இப்போது செய்கிறேன்.

முதலில் அந்த ஒன்பது. கடினத்தை அளப்பதற்கு மோஸ் அளவுகோல் என்ற ஒன்று உண்டு. 1812 இல் ஜேர்மனியக் கனிமவியலாளர் பிரீட்ரிக் மோஸ் வகுத்தது. மிக மென்மையான மாக்கல்லுக்கு ஒன்று, வைரத்துக்குப் பத்து. ஒன்பதாம் இடத்தில் இருப்பது குருந்தக்கல். இரத்தினபுரியில் அகழ்ந்தெடுக்கப்படும் நீலக்கல்லும் செம்மாணிக்கமும் குருந்தத்தின் வகைகளே. ஆங்கிலத்தில் அக்கல்லுக்கு வழங்கும் பெயர்கூட நமது "குருந்தம்" என்ற சொல்லிலிருந்து போனதுதான். ஆகவே ஒன்பது என்று கேட்டவுடன், கார் முழுவதையும் நீலக்கல்லால் போர்த்தித் தருகிறார்கள் என்ற மயக்கம் ஏற்படுவது இயல்பு. வியாபாரிக்கு வேண்டியதும் அந்த மயக்கமே.

ஆனால் பூச்சுக்காரர் சொல்லும் ஒன்பது இந்த ஒன்பது அன்று. "எச்" என்ற எழுத்து பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தெரியும். எச்பி பென்சிலில் இருக்கும் அதே எச். பூச்சுகளைச் சோதிப்பதற்குப் பென்சில் சோதனை என்ற முறை ஒன்று இருக்கிறது. அதற்குச் சர்வதேச நியமமும் உண்டு. பென்சிலின் முனையைத் தட்டையாகத் தேய்த்து, 45 பாகைச் சரிவில் பிடித்து, 750 கிராம் சுமையோடு பூச்சின் மேல் தள்ளுவார்கள். எந்தப் பென்சில் பூச்சைக் கீறாமல் விடுகிறதோ அதன் தரமே பூச்சின் தரம். அந்த வரிசையில் கடைசிப் பென்சில் 9எச். அதாவது, "9எச் கடினம்" என்பதன் நேரான தமிழ், "பென்சிலால் கீறினால் கீறல் விழாது" என்பதுதான். அடியில் இருக்கும் பரப்பு எதுவோ அதற்கேற்பவும் இந்தப் பெறுபேறு மாறும்.

பென்சில் எதனால் ஆனது? காரீயமும் களிமண்ணும். போகலவிலும் ககட்டகஹவிலும் நம் நாட்டிலேயே வெட்டி எடுக்கப்படும் காரீயம், மோஸ் வரிசையில் இரண்டைத் தாண்டாது. களிமண்ணைக் கூட்டிச் சுட்டால் பென்சில் கடினமாகும், அவ்வளவே. மறுபக்கத்தில், நம் வீதிகளில் பறக்கும் மணலில் இருப்பது படிகக்கல். அதன் கடினம் ஏழு. காரின் மேல் படிந்த அந்த மணலை ஒரு காய்ந்த துணியால் துடைத்தால் உங்கள் "வைரத்துக்கு அடுத்த வலிமை" என்ன ஆகும் என்பதைச் சொல்ல விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை. நீலக்கல்லுக்கும் பென்சிலுக்கும் இடையில் உள்ள தூரத்தை ஓர் "எச்" எழுத்துக்குள் மறைத்துவிட்டார்கள். அந்த மறைப்புக்குத் தமிழில் பாவாடை விரித்தவன் நான்.

இரண்டாவது, "கவசம்" என்ற சொல். இக்காலக் கார் ஒன்றின் உலோகத்தின் மேல், துருத்தடுப்பு அடிப்பூச்சு முதல் மேலே உள்ள நிறமற்ற பூச்சு வரை எல்லாவற்றையும் சேர்த்தால், பொதுவாக 100 முதல் 150 மைக்கிரோன் வரை கனம் இருக்கும். ஒரு மைக்கிரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவற்றுள் மினுக்கத்தைக் கொடுப்பதும் வெயிலின் ஊதாக்கடந்த கதிர்களைத் தாங்குவதும் மேலே உள்ள நிறமற்ற பூச்சு. அதன் கனம் ஏறத்தாழ 40, 50 மைக்கிரோன். நீங்கள் காலையில் கையில் எடுக்கும் செய்தித்தாளின் ஒரு தாள் அதைவிடத் தடிப்பானது. செரமிக் பூச்சின் கனமோ ஒரு மைக்கிரோன், மிஞ்சினால் இரண்டு. அதனைக் கவசம் என்பவர், கொசுவலையை மதிற்சுவர் என்று சொல்லலாம்.

விடயம் இத்துடன் முடியவில்லை. பூச்சு இடுவதற்கு முன் இயந்திரத்தால் தேய்த்து மினுக்குவார்கள். மெல்லிய கீறல்கள் மறைவது கீறல் நிரம்புவதால் அன்று. அதனைச் சுற்றியிருக்கும் நிறமற்ற பூச்சு, கீறலின் அடிமட்டம் வரை தேய்க்கப்படுவதால். ஒவ்வொரு தேய்ப்பிலும் சில மைக்கிரோன்கள் போகும், போனது திரும்பாது. அறிந்தவர் அளவுகருவி வைத்துப் பார்த்து, தேவையான அளவுக்கு மட்டும் தேய்ப்பார். அறியாதவர் மினுங்கும் வரை தேய்ப்பார். ஒரு மைக்கிரோன் கவசத்தை அணிவிப்பதற்காக, வாகனத்தோடு பிறந்த கவசத்தில் ஐந்து மைக்கிரோனை உரித்தெடுப்பது எந்த ஊர்ப் பாதுகாப்பு?

என் பெரியப்பாவிடம் ஓர் ஒஸ்ரின் ஏ40 இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவர் அதனை மினுக்கும்போது துணியில் கரும்பச்சை நிறம் ஒட்டும். அக்காலத்துக் கார்களில் மேலே நிறமற்ற பூச்சு இல்லை. தேய்த்தால் நிறமே கையோடு வரும். "காணும், இனித் தேய்ச்சா தகரம்தான் மிஞ்சும்" என்று துணியைப் பார்த்துவிட்டு நிறுத்துவார். இழப்பு கண்ணுக்குத் தெரிந்தது. ஆதலால் கை நின்றது. இன்று இழக்கப்படுவது நிறமற்றது; துணியில் தெரியாது; ஆதலால் எவர் கையும் நிற்பதில்லை. 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அருகிப்போன காலத்தில், அதே காரின் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓட்டி நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார். அந்நாட்களில் அதன் நிறம் முற்றாக மங்கிப்போயிருந்தது. ஏறியவர் எவரும் அதைப்பற்றி முறையிட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

மூன்றாவது, அந்த முத்துமுத்தான நீர்த்துளி. செரமிக் பூச்சு சிலிக்கனை அடிப்படையாகக் கொண்ட ஒரு திரவம்; காய்ந்ததும் நீரை ஒட்டவிடாத மெல்லிய படலமாகிறது. துளி பரவாமல் உருண்டு நிற்பது அதனால்தான். பார்க்க அழகு என்பதில் ஐயமில்லை. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்த நிலம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ, அதுவே கிணற்று நீரில் கழுவிய காரின் மேலும் படிகிறது. உருண்டு நிற்கும் துளி வெயிலில் காயும்போது, அதற்குள் இருந்த சுண்ணாம்பு முழுவதும் ஒரு வட்டத்துக்குள் ஒடுங்கிப் பொருக்காகிறது. மருமகனின் காரில் இரண்டாம் மாதமே அத்தகைய வெள்ளை வளையங்கள் தோன்றின. கடைக்குப் போய்க் கேட்டான். "கிணற்றுத் தண்ணீரால் ஏற்படும் கறைக்கு உத்தரவாதம் இல்லை" என்றார்கள். யாழ்ப்பாணத்தில் கடை வைத்துக்கொண்டு கிணற்றுத் தண்ணீருக்கு உத்தரவாதம் இல்லை என்பது, கடலோரத்தில் படகு விற்றுவிட்டு உப்புத் தண்ணீருக்குப் பொறுப்பில்லை என்பதைப் போன்றது.

எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டானாம். பிரசுரத்தைத் திருப்பிக் காட்டினார்கள். பின்பக்கத்தில், சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. கல் பட்டால் இல்லை. பறவை எச்சத்துக்கு இல்லை. மரப்பிசினுக்கு இல்லை. வேறிடத்தில் கழுவினால் இல்லை. ஆண்டுக்கொரு தடவை அவர்களிடமே காசு கட்டிப் பரிசோதிக்காவிட்டால் முழுவதும் இல்லை. "ஆயுட்கால உத்தரவாதம்" என்று முன்பக்கத்தில் நான் எழுதியது யாருடைய ஆயுட்காலம் என்பது பின்பக்கத்தைப் படித்தால்தான் விளங்கும்.

வாக்குறுதி தமிழில், நிபந்தனை ஆங்கிலத்தில். இந்த நாட்டில் தனக்குப் புரியாத மொழியில் உள்ள தாள்களில் கையொப்பமிட்டுப் பழகிய இனம் நாம். அரசாங்கக் காரியாலயத்தில் அது நடந்தால் கொதித்தெழுந்து பத்தி எழுதுகிறோம். நம்மவர் கடையில், நம்மவர் மொழிபெயர்ப்பில், நம்மவருக்கே அது நடக்கும்போது அதனை வியாபாரத் தந்திரம் என்கிறோம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடைசெய்கிறது. சட்டம் இருக்கிறது. முறைப்பாடு செய்ய வேண்டியவர்கள்தான் வெட்கத்தால் வாய்மூடி இருக்கிறார்கள். ஏமாந்ததைச் சொல்வது ஏமாற்றியதைவிட அவமானம் என்று ஆகிவிட்டது.

இத்தொழிலில் இருப்பவர்கள் என்மீது சினம் கொள்ளக்கூடும். அவர்களுடைய தரப்பிலும் நியாயம் உண்டு. அதனைச் சொல்லாமல் விடுவது என் தொழிலுக்கு அழகன்று. நல்ல செரமிக் பூச்சு, பக்குவமாக இடப்பட்டால், சில ஆண்டுகள் நிற்கும். அழுக்கு இலகுவில் கழன்று வரும். கழுவும் வேலை குறையும். கறுப்புக் காருக்கு அதன் அழகு தனி. இவை யாவும் உண்மை. ஆனால் "கழுவுவது கொஞ்சம் சுலபமாகும்" என்ற உண்மையை விற்றால் 1,25,000 ரூபா கிடைக்காது. ஆகவேதான் வைரம் தேவைப்படுகிறது.

ஒட்டுப்படலத்தின் கதை வேறு. பொலியூரித்தேன் என்னும் பொருளாலான அது 150 முதல் 200 மைக்கிரோன் வரை தடிப்பானது. அதன் பூர்வீகம் வியட்நாம் போர். அமெரிக்க ஹெலிகொப்டர்களின் சுழலிகளை மணலும் கல்லும் அரிக்காமல் இருக்க ஒட்டப்பட்டது. கவசம் என்ற சொல்லுக்கு ஓரளவாவது அருகதை உடையது அதுவே. ஏ9 வீதியில் தினமும் லொறிகளுக்குப் பின்னால் ஓடுபவர், முன் பம்பருக்கும் பொனற்றின் முன்விளிம்புக்கும் மட்டும் அதனை ஒட்டினால் அது விரயமென்று சொல்லமாட்டேன். கல் வந்து படுவது அங்கேதான். ஆனால் கூரைக்கும் பின்கதவுக்கும் சேர்த்து முழு உடலுக்கும் ஒட்டச் சொல்பவர், எந்தக் கல் வானத்திலிருந்து விழுகிறது என்பதையும் சொல்லவேண்டும். லேசான கீறல்கள் வெயில் சூட்டில் தானாகவே மறையும் என்பார்கள். உண்மைதான், லேசான கீறல்கள் மட்டும். படலத்தை ஊடறுத்த வெட்டை எந்த வெயிலும் ஆற்றாது.

மெழுகை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையில் படியும் கார்னௌபா மெழுகு, நமது பனைக்குத் தூரத்து உறவு. சில வாரங்கள், அதிகம் போனால் இரண்டொரு மாதங்கள் நிற்கும். அதனை ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு முற்றத்திலேயே பூசலாம். அதில் விற்பதற்கு அச்சம் எதுவுமில்லை. ஆதலால் அதற்குச் சிறப்பு மலரும் இல்லை.

"விற்கும்போது நல்ல விலை போகும்" என்பது அவர்களுடைய கடைசி அம்பு. யாழ்ப்பாணத்தில் பழைய கார் வாங்க வருபவரை நான் அறிவேன். அவர் மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு வருவார். மெக்கானிக் காரின் மேனியைத் தடவிப் பார்ப்பதில்லை. குனிந்து அடியைப் பார்ப்பார். கடல் சூழ்ந்த தீவில், அதிலும் ஆனையிறவு உப்பளக் காற்றில் தினமும் ஓடும் காரில், துரு தொடங்குவது மினுங்கும் பொனற்றில் அன்று. சேறும் உப்பும் தேங்கும் அடித்தட்டிலும், சில்லுக்கு மேலுள்ள வளைவிலும், கதவின் கீழ்விளிம்பிலும். கனடாவில் பனிக்காலத்தில் வீதிக்குத் தூவும் உப்பும் அங்கேதான் தன் வேலையைக் காட்டுகிறது. அங்குள்ள வாசகர்கள் கார் வாங்கும்போது, கடைசிக் கையொப்பத்துக்கு முன் நிதிப்பிரிவு மேசையில் வைத்து, மாதத் தவணையோடு சேர்த்து "மேற்பூச்சுப் பாதுகாப்பு" என்று ஒரு வரியை நுழைப்பதைக் கண்டிருப்பார்கள். மொழியும் குளிரும் வேறு; தந்திரம் ஒன்றே.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மருமகனோடு நானும் அந்தக் கடைக்குப் போனேன். தூசி வரக்கூடாதென்று அடைத்த அறை. உள்ளே பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள் இருவர். கரைப்பானின் நெடி மூக்கைத் துளைத்தது. காருக்குக் கண்ணாடிக் கவசம் இடும் அந்தப் பிள்ளைகளின் முகத்தில் இருந்தது ஒரு துணி முகக்கவசம். கரைப்பான் ஆவியைத் துணி மறிக்காது. அதற்கென்று கரிவடிகட்டி பொருத்திய முகக்கவசம் இருக்கிறது. "தலையிடி வாறதில்லையோ தம்பி?" என்று ஒருவனைக் கேட்டேன். "பழகீட்டுது ஐயா" என்றான். பாதுகாப்பு என்ற சொல்லின் பெயரால் இந்த நாட்டில் யார் யாரோ எதையெதையோ செய்ததைப் பார்த்தவர்கள் நாம். யாருடைய பாதுகாப்பு என்று கேட்கும் பழக்கத்தை மட்டும் நாம் கைவிடலாகாது.

ஆகவே, கார் வைத்திருப்பவர்களுக்கு என் முறையீடு இதுதான். பூச்சைத் தெரிவு செய்வதற்கு முன் ரயரைப் பாருங்கள், பிரேக்கைப் பாருங்கள், குனிந்து அடித்தட்டைப் பாருங்கள். அவற்றுக்குச் செலவிட்டது போக மிச்சம் இருந்தால் மேனிக்கு வாருங்கள். காரை நிழலில் நிறுத்துங்கள். ஆனால் மாமரத்துக்குக் கீழே வேண்டாம். காகம் எச்சமிட்டால் ஞாயிறுவரை காத்திராமல் அன்றே நீர்விட்டு ஊறவைத்துக் கழுவுங்கள். துடைப்பதற்கு முன் மணல் போகும்வரை நீரை ஊற்றுங்கள். கோப்பை கழுவும் சவர்க்காரத்தைக் காரில் பாவிக்காதீர்கள். கிணற்று நீரென்றால் வெயிலில் காயவிடாமல் உடனே ஒற்றித் துடையுங்கள். இவ்வளவும் செய்தபின்னும் பூச்சு வேண்டுமென்று ஆசைப்பட்டால், அது உங்கள் காசு, உங்கள் மகிழ்ச்சி. நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் மைக்கிரோன் அளவைக் காட்டச் சொல்லுங்கள். நிபந்தனைகளைத் தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். தரமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சிறப்பு மலர்களைத் தயாரிக்கும் என் இளைய சகாக்களுக்கும் ஒரு வார்த்தை. விளம்பரத்துக்கு ஆசிரியர் பொறுப்பல்லர் என்று கீழே ஒரு வரி போடுகிறோம். வாசகர் அந்த வரியைப் படிப்பதில்லை. நமது தமிழைத்தான் படிக்கிறார். செய்தியில் நம்மை நம்பிய அதே கண்ணால்தான் விளம்பரத்தையும் பார்க்கிறார். அந்த நம்பிக்கையை ஐயாயிரம் ரூபாவுக்கு விற்றவன் சொல்கிறேன்: அது விலை குறைவு.

மருமகனின் கார் திருத்தப்பட்டுவிட்டது. புதுக் கதவுக்கு அடித்த நிறம் மற்றக் கதவுகளோடு சற்றுப் பொருந்தவில்லை. நான்கு புதிய ரயர்கள் போட்டிருக்கிறான். காசில் ஒரு பகுதியை நான் கொடுத்தேன். "ஏன் மாமா?" என்று கேட்டான். பழைய கடன் என்றேன்.

இனி, முறைப்படி:

திருத்தம். 2018 ஆம் ஆண்டு வெளியான வாகனச் சிறப்பு மலர் ஒன்றிலும், அதனைப் பின்பற்றிய பல பிரசுரங்களிலும், "வைரத்துக்கு அடுத்த வலிமை" என்று இடம்பெற்ற வாசகம், "பென்சிலால் கீறினால் கீறல் விழாது" என்று திருத்தி வாசிக்கப்படல் வேண்டும். "கண்ணாடிக் கவசம்" என்பது "ஒன்று அல்லது இரண்டு மைக்கிரோன் படலம்" என்றும், "ஆயுட்கால உத்தரவாதம்" என்பது "பின்பக்கம் பார்க்க" என்றும் திருத்தி வாசிக்கப்படல் வேண்டும். தவறுக்கு வருந்துகிறேன்.